சுவரில் எழுதிய 91

“அண்ணா, மேப் சென்சார் அவுட்டு. கடைக்கு போன் போட்டுப் புதுசு சொல்லிடட்டுமா?”

பையன் சென்னையில் ஐடிஐ முடித்துவிட்டு என்னிடம் வேலைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கேஏ 51 நம்பர் கார் ஒன்று. ஐடிலிங்கில் நடுங்குகிறது என்று விட்டுப் போயிருந்தார்கள். பையன் ஸ்கேனரை மாட்டி, சாவியை மட்டும் ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமல் இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தைப் பார்த்திருக்கிறான். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்றுதான். அப்போது 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும் என்று அவன் படித்திருக்கிறான். திரையில் 91 நின்றது.

பாடத்தில் தப்பில்லை. பாடம் நடந்த ஊர்தான் வேறு. சென்னை கடலோரம். எங்கள் கடை இருக்கும் ஓசூரோ கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 880 மீட்டர் மேலே. ஏற ஏறத் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் பாரம் குறைந்துகொண்டே வரும். இந்த உயரத்துக்கு 91தான் கணக்கு. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, நாம்தான் அதைக் கழற்றி எறியப் பார்த்தோம்.

அன்றைக்கே சாக்பீஸ் எடுத்து டூல் போர்டுக்கு மேலே 91 என்று எழுதினேன். அழிந்து அழிந்து போனதால் பிறகு பெயின்டிலேயே எழுதிவிட்டேன். வருகிற சில பேர் அது என் ராசி எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காரின் நடுக்கத்துக்குக் காரணம் ஒரு இக்னிஷன் காயில், அது வேறு கதை.

நான் தொழிலுக்கு வந்தது 1986இல், பதினாலு வயதில், பாகலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தர்மபுரிதான். 1980ஐ ஒட்டி டிவிஎஸ்ஸின் மொபெட் தொழிற்சாலையும் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் ஊருக்கு வந்திருந்தன. பின்னாலேயே டைட்டன் வந்தது. சிப்காட் சுவருக்கு உள்ளே சைரன், வெளியே ராகிக் கொல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் டிவிஎஸ் 50தான் எங்கள் கொட்டகைக்குச் சோறு போட்டது.

என் மேஸ்திரிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அத்திப்பள்ளியிலிருந்து வண்டி வந்தால் கன்னடம். காற்றுக்கு அவர் சொல்லும் சொல் ‘காலி’. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதுதான் சொல், முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் தமிழ் வீட்டுப் பையன். “காலி பார்டா” என்று அவர் சொன்னால், பெட்ரோல் காலியாகிவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். தலையில் ஒன்று விழும். அவர் சொன்னது கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை.

அவருடைய மீட்டர்கள் மூன்று. முதலாவது பிளக்கின் நிறம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் காற்று கூடுதல். இரண்டாவது சைலன்சர் புகையின் வாசனை. மூன்றாவது காது. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று வைப்பார். அது போக இரண்டு டப்பா வைத்திருந்தார், இரண்டிலும் கார்புரேட்டர் ஜெட்டுகள். ஒன்றின் பெயர் மேட்டு டப்பா, மற்றது பள்ளத்து டப்பா. சேலத்திலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வேலை மாற்றலாகி இங்கே வருகிறவரின் வண்டி கரும்புகை விட்டால், மேட்டு டப்பாவிலிருந்து சின்ன துளை ஜெட் ஒன்றைப் போடுவார். இங்கிருந்து கீழே போகிறவருக்குப் பள்ளத்து டப்பா. ஏன் என்று கேட்டால் “மேலே காலி லைட்டுடா” என்பதோடு சரி.

அந்த ‘லைட்டு’க்குள் இருக்கும் கணக்கு எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. கார்புரேட்டர் காற்றின் எடையைப் பார்ப்பதில்லை. குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது உண்டாகும் உறிஞ்சலில் பெட்ரோல் மேலேறி வருகிறது, அவ்வளவுதான். ஓசூரில் ஒரு லிட்டர் காற்று கடலோரத்து ஒரு லிட்டரைவிட நூற்றுக்கு எட்டு பங்கு எடை குறைவு. உறிஞ்சல் குறைவதால் பெட்ரோலும் கொஞ்சம் குறையும், ஆனால் காற்று குறைந்த அளவுக்குக் குறையாது. கடைசியில் கலவை நூற்றுக்கு நான்கு பங்கு போலக் கெட்டியாகிவிடும். அந்த நான்கு பங்கைத்தான் மேஸ்திரி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

2000 வாக்கில் பெங்களூரிலிருந்து வரும் மாருதி கார்களின் பின்னால் எம்பிஎஃப்ஐ என்ற எழுத்து தென்பட ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டரைக் காணோம். எந்த ஸ்க்ரூவைத் திருகுவது? ஒயர், கருப்புப் பெட்டி, இன்னும் கொஞ்சம் ஒயர். நான் தனிக்கடை போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதிரி வண்டி வந்தால் “பெங்களூர்லயே காட்டிடுங்க சார்” என்று மரியாதையாக அனுப்பிவிடுவேன். ஜூஜூவாடி செக்போஸ்டில் வரிசையில் நின்று சூடேறிப்போகும் லாரிகளும் மொபெட்களும் இருக்கையில், கார் போனால் போகட்டும் என்ற தைரியம். (2017இல் ஜிஎஸ்டி வந்து அந்த லாரி வரிசை ஒரே ராத்திரியில் கரைந்ததும் டயர் பஞ்சர் கடைகளும் டீக்கடைகளும் பட்ட பாடு தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

இரண்டு சக்கர வண்டிகளில் இந்த இன்ஜெக்‌ஷன் மெதுவாகத்தான் வந்தது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர், 2007இல் பல்சர் 220, 2008இல் நம் ஊர் அப்பாச்சி. ஊருக்கு ஒன்று, இரண்டு என்று கண்ணில் படும். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பிஎஸ் 6 புகை விதி வந்தபோது எல்லாம் தலைகீழ். எக்ஸ்எல் மொபெட்டுக்குக்கூட இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மூட்டை தூக்கவும் பால் கேன் கட்டவும் பிறந்த வண்டிக்குக் கம்ப்யூட்டர்! நல்லவேளை, அதற்குள் நான் படித்து முடித்திருந்தேன்.

படித்தது பெங்களூரில், சனி ஞாயிறு வகுப்பு ஒன்றில். பத்துப் பன்னிரண்டு மெக்கானிக்குகள், பாதிப் பேர் கைநகத்தில் கிரீஸோடு. வாத்தியார் எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்: எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதைக் கம்ப்யூட்டர் எதை வைத்து அளக்கிறது? ஒருவர் பெட்ரோல் பம்பைச் சொன்னார், ஒருவர் இன்ஜெக்டரைச் சொன்னார். நான் டேங்கில் உள்ள மிதவையைச் சொன்னேன், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. எதை வைத்தும் அளப்பதில்லை என்றார் அவர். அது பெட்ரோலை ஒருபோதும் பார்ப்பதே இல்லை. உள்ளே போகும் காற்றைக் கணக்குப் போடுகிறது, அதற்கு ஏற்ற நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது, வெளியே வரும் புகையில் மிச்ச ஆக்சிஜன் உண்டா என்று மோந்து பார்க்கிறது. நடுவில் நடப்பது அனுமானம்.

அந்தக் கணத்தில் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. மேஸ்திரியும் இதைத்தானே செய்தார்?

காற்றைக் கணக்குப் போடும் வழிகள் புதியவை அல்ல. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967இலேயே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. நமக்கு அது ரொம்ப காலம் மைக்கோ என்ற பெயரில் பெங்களூர் ஆடுகோடி கம்பெனி. அவர்களுடைய அந்த முதல் அமைப்பின் பெயரில் இருந்த ‘டி’ என்ற எழுத்து, அழுத்தம் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. மேனிஃபோல்டுக்குள் எவ்வளவு அழுத்தம், எஞ்சின் எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் வைத்துக் காற்றை ஊகிப்பது. சில வருஷத்தில் காற்றையே நேரடியாக அளக்கும் முறைகள் வந்தன. முதலில் காற்று தள்ளத் தள்ளத் திரும்பும் ஒரு மடல், பிறகு சூடான கம்பி. கம்பியைக் குறிப்பிட்ட சூட்டில் வைத்திருக்க எவ்வளவு கரன்ட் தேவைப்படுகிறதோ, அதுதான் போன காற்றின் எடை. ஊதினால் தோசைக்கல் ஆறுகிற கணக்குதான். இதை மேஃப் சென்சார் என்போம், அழுத்தம் பார்ப்பதை மேப் என்போம். ஒரு எழுத்துதான் வித்தியாசம். பார்ட்ஸ் கடையில் இதை மாற்றிச் சொல்லி, ஒன்றுக்கு மற்றொன்று வாங்கி வந்த கதை ஓசூரில் எல்லாக் கடையிலும் உண்டு.

அழுத்த முறையைப் பையன்களுக்கு டவுன் பஸ்ஸை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பஸ்ஸில் 50 சீட். சிலிண்டரின் கொள்ளளவு அது. ஸ்டாண்டில் எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்பது அழுத்தம். வெயிலில் ஆள்கள் தள்ளித் தள்ளி நிற்பார்கள், குளிரில் நெருங்கி நிற்பார்கள், அதற்காகத்தான் காற்றின் வெப்பத்தையும் ஒரு சென்சார் பார்க்கிறது. இத்தனையும் தெரிந்தாலும், டிரைவர் கதவை மூடுவதற்குள் எத்தனை பேர் நிஜமாக ஏறினார்கள் என்பது பஸ்ஸுக்கு பஸ், வேகத்துக்கு வேகம் மாறும். அதைக் கம்பெனிக்காரர்கள் எஞ்சினை டெஸ்ட் பெஞ்சில் வைத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓட்டிப் பார்த்து, ஒரு பெரிய அட்டவணையாகப் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் யோசிப்பதில்லை, அந்த அட்டவணையில் கட்டம் தேடுகிறது. அவ்வளவு.

ஒரு 110 சிசி ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் திராட்டிலில் ஓசூர்க் காற்றில், ஒரு இழுப்புக்கு உள்ளே வருவது பத்தில் ஒரு கிராம் காற்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எல்லாம் எடைக் கணக்கில். ஆக அந்த இழுப்புக்குத் தேவைப்படும் பெட்ரோல் ஏழு மில்லிகிராமுக்கும் கீழே. ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓடினால் அந்தத் துளியை நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை சரியாக அளந்து கொடுக்க வேண்டும். அதுவும் இன்ஜெக்டர் திறந்து மூடும் சில மில்லிசெகண்டுக்குள். பேட்டரி இறங்கியிருந்தால் இன்ஜெக்டரின் வால்வு திறக்கவே கொஞ்சம் தாமதமாகும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் நேரத்தை நீட்டுகிறது. திருகாணியால் இதைச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சங்கடமில்லை.

ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. சிலிண்டர் ஒன்றே என்பதால் மேனிஃபோல்டு அழுத்தம் நிலையாக நிற்காது, இழுக்கும்போது விழுந்து, விட்டதும் ஏறிவிடும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தே இது காற்று இழுக்கும் சுற்றா, எரியும் சுற்றா என்று பல வண்டிகள் கண்டுபிடித்துவிடுகின்றன. தனியாக இன்னொரு சென்சார் மிச்சம். திராட்டில் நன்றாகத் திறந்துவிட்டால் அழுத்தம் வெளிக்காற்றோடு சமமாகிப் போவதால் அதில் சேதி ஒன்றும் இருக்காது. அப்போது திராட்டில் எத்தனை பாகை திறந்திருக்கிறது, வேகம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்து வேறொரு அட்டவணைக்குத் தாவிவிடும். இது தெரியாத பழைய கை ஒன்று, ஐடிலிங் ஏற்றுகிறேன் என்று கம்பெனி சீல் வைத்த திராட்டில் ஸ்க்ரூவைத் திருகிவிடும். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு மூடியிருப்பது எது, திறந்திருப்பது எது என்றே தெரியாது. மாதத்துக்கு ரெண்டு வண்டி இப்படி என் கடைக்கு வருகிறது.

லோடு என்ற சொல்லில்தான் கஸ்டமரோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ராயக்கோட்டையிலிருந்து எக்ஸ்எல்லில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டு வருகிற ஒருவர், நான் ஸ்கேனரில் ‘லோடு 78’ என்று படித்ததைக் கேட்டுவிட்டார்.

“ஏன்ணா, லோடு பார்க்கிற சென்சார் எங்க இருக்கு? அதைக் கழட்டிட்டா இன்னும் ரெண்டு பெட்டி ஏத்தலாமா?”

சிரிக்காமல் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. பெட்டியை எடை போடும் சென்சார் எதுவும் வண்டியில் இல்லை. இந்த வேகத்தில் அதிகபட்சம் உள்ளே போகக்கூடிய காற்றில் இப்போது எத்தனை பங்கு போகிறது, அதுதான் எஞ்சினுக்கு லோடு. சூளகிரி பக்கம் மேடேறும்போது முறுக்கினால், பெட்டி ஒன்றுகூட இல்லாத வண்டியிலும் லோடு நூறைத் தொடும். எட்டுப் பெட்டியோடு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் லோடு அடிமட்டம், பெட்ரோலையே நிறுத்திவிடும் வண்டிகள் உண்டு. தக்காளி பாரமாக இருப்பதால் நீங்கள் முறுக்குகிறீர்கள், நீங்கள் முறுக்குவதால் காற்று வருகிறது, வண்டிக்குத் தெரிவது காற்று மட்டும்தான் என்றேன். அவருக்கு இது திருப்தியாக இல்லை. கழற்றக்கூடியதாக ஏதோ ஒன்று இருக்கிறது, நான் மறைக்கிறேன் என்ற பார்வையோடுதான் போனார்.

ஸ்பார்க் நேரம், பெட்ரோல் நேரம் எல்லாமே இந்த லோடும் வேகமும் சந்திக்கிற கட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. அதனால் காற்றுக் கணக்கில் விழுகிற பிழை எல்லாவற்றிலும் விழும். சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் ஒரு கணம் மேப் சென்சாரைப் படித்து இந்த ஊரின் காற்றழுத்தம் என்ன என்று பல வண்டிகள் குறித்துக்கொள்கின்றன. கிருஷ்ணகிரியில் 95ஐ ஒட்டி வரும், இங்கே 91. மேஸ்திரியின் இரண்டு டப்பாவும் அந்த ஒரு கணத்துக்குள் அடங்கிவிட்டன.

டீசல் லாரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் எஞ்சினில் கணக்கு வேறு. அங்கே காற்றை அடைத்து அளக்கும் வழக்கம் இல்லை, எப்போதும் தேவைக்கு மேலேயே காற்று இருக்கும். எவ்வளவு டீசல் விடுகிறோம் என்பதே லோடு. காற்றைப் பார்ப்பது புகை வராமல் இருக்கவும், எவ்வளவு வரை விடலாம் என்று வரம்பு கட்டவும்தான்.

இனி மூக்கு. சைலன்சர் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார். சிர்கோனியா என்ற பீங்கான் மாதிரி பொருள், முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லை என்றால் 0.9 வோல்ட் பக்கம் போகும், மிச்சமிருந்தால் 0.1 பக்கம் விழும். சரியான கலவை நடுவில், 0.45இல். ஆனால் அங்கே அது நிற்கவே நிற்காது, ஏறி இறங்கி ஊஞ்சலாடும். கம்ப்யூட்டர் கொஞ்சம் பெட்ரோல் கூட்டும், ‘கெட்டி’ என்று சேதி வரும், குறைக்கும், ‘இளக்கம்’ என்று வரும், மறுபடி கூட்டும். இந்த ஊஞ்சல் பின்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் வேண்டும், அது புகையைச் சுத்தம் செய்வது 14.7ஐச் சுற்றிய அந்தக் குறுகிய இடத்தில்தான். 1976இல் வோல்வோ காரில் இந்த மூக்கு சென்சார் முதலில் வந்தது.

எவ்வளவு கூட்டினோம், எவ்வளவு குறைத்தோம் என்பதைக் கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். ஃப்யூவல் டிரிம் என்று பெயர். ஸ்கேனரில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், எரர் கோடை இல்லை. டிரிம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அட்டவணை சொன்னதும் மூக்கு மோந்ததும் ஒத்துப்போகின்றன. கூட்டல் 10, 15 என்று போனால் எங்கேயோ யாரோ பொய் சொல்கிறார்கள். யார் என்பதை மட்டும் அது சொல்லாது. மூக்கும் பொய் சொல்லும். ஒரு பிளக் எரியாமல் விட்டால் பெட்ரோலும் காற்றும் எரியாமலே சைலன்சருக்கு வரும். மூக்குக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். ‘ஐயோ, இளக்கம்’ என்று கத்தும். கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும்.

நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனிக் கார் என்பது வேண்டாம், தப்பு காரின் மேல் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ மண்டி வைத்திருப்பவருடையது. ஓசூருக்கு ஏறி வரும்போது மட்டும் சூளகிரியைத் தாண்டியதும் செக் லைட் எரிகிறது, இழுக்கவில்லை. கோடு பி0171, கலவை இளக்கம். கடையில் நிறுத்தி ஓடவிட்டால் டிரிம் கூட்டல் 4, குற்றமே இல்லை. ரோட்டில் மேடேற்றினால் கூட்டல் 22. சும்மா நிற்கும்போது சரி, இழுக்கும்போது மட்டும் பெட்ரோல் போதவில்லை என்றால் எந்த மெக்கானிக்கும் பம்பைத்தான் சொல்வான். நானும் சொன்னேன். பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷம். இருபது வருஷ அனுபவம் கேஜ் கேட்குமா? புது பம்ப் போட்டு, பணம் வாங்கி அனுப்பினேன். மறுவாரம் அதே சூளகிரி, அதே லைட்.

இந்த முறை கேஜ் மாட்டினேன். பழைய பம்பிலும் பிரஷர் சரியாகவே இருந்திருக்கிறது, பெஞ்சில் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது. பையனை உள்ளே உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் வைத்து கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னேன். எஞ்சின் மவுண்டிங்கில் சாய்ந்தது. சாயும்போது, ஏர் ஃபில்டரிலிருந்து திராட்டிலுக்குப் போகிற ரப்பர் பெல்லோஸின் மடிப்பில் ஒரு வாய் திறந்தது. அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கம், இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. எஞ்சின் நிமிர்ந்ததும் வாய் மூடிக்கொண்டது.

அது மேஃப் வண்டி. மீட்டர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது, வெடிப்பு அதற்குப் பிறகு. மேடேறி எஞ்சின் சாயும்போதெல்லாம் மீட்டருக்குத் தெரியாமல் பின்கதவு வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. கம்ப்யூட்டர் எண்ணிய ஆட்களுக்குத்தான் டிக்கெட் கொடுத்தது. அதே இடத்தில் மேப் வண்டியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அது மேனிஃபோல்டுக்குள் நின்று பார்க்கிறது, எந்தக் கதவு வழியாக வந்தாலும் உள்ளே இருக்கும் ஆளை எண்ணிவிடும். அதில் மேனிஃபோல்டு ஓட்டையானால் கலவை கெடாது, ஐடிலிங் ஏறிவிடும். ஒரே நோய், இரண்டு உடம்பில் இரண்டு விதமான குணம். வண்டியில் இருப்பது எந்த மீட்டர் என்று பார்க்காமல் வைத்தியம் தொடங்கக்கூடாது என்பதை, பம்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மண்டிக்காரர் நல்ல மனிதர், அந்த சீசனில் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். அது நன்றியா கேலியா என்று தெரியவில்லை.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைத்த இ20, இன்றைக்கு எல்லா பெட்ரோல் பங்க்கிலும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும், ஆகவே கலந்த பெட்ரோலுக்குச் சரியான கணக்கு 14.7 இல்லை, 13.5 பக்கம். மூக்கு உள்ள வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும், அதற்கு எந்தப் பெட்ரோல் என்பது பொருட்டில்லை, ஆக்சிஜன் மிச்சமா இல்லையா என்பதே பேச்சு. டிரிம் கொஞ்சம் கூட்டல் பக்கம் நகரும், அதைப் பார்த்துப் பதறக்கூடாது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மூக்கு இல்லை, கலவை நூற்றுக்கு எட்டு பங்கு இளகிப்போகும். ஆனால் கடலோர ஜெட்டோடு நம் ஊரில் ஓடும் வண்டியில் உயரத்தால் ஏற்கெனவே நான்கு பங்கு கெட்டி. பாதிக்குப் பாதி கழிந்துவிடுகிறது. சென்னைக்காரனைவிட ஓசூர்க்காரனின் பழைய மொபெட் கொஞ்சம் தப்பித்தது. ரப்பர் குழாயும் மிதவையும் எத்தனாலில் படும் பாட்டுக்கு உயரம் ஒன்றும் செய்ய முடியாது.

மேஸ்திரி 2021இல் ஒரு நாள் கடைக்கு வந்தார். முட்டி வலி, பேரன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஒரு பிஎஸ் 6 வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழக்கம் விடுமா, சைலன்சர் பக்கம் குனிந்து மூக்கை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னடா, வாசனையே வரலை. ஓடுதா?”

கன்வர்ட்டர் அவர் மூக்குக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. கழற்றி வைத்திருந்த பழைய ஆக்சிஜன் சென்சார் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், இதுதான் இப்போது மோந்து பார்க்கிறது என்றேன். முனையில் இருக்கும் துளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குச் சளி பிடிச்சா?”

“பொய் சொல்லும், மேஸ்திரி.”

“அப்ப நீதான் கண்டுபிடிக்கணும்.” அதை வேட்டியில் துடைத்து பெஞ்சில் வைத்தார். பிறகு சுவரைக் காட்டினார். “அது என்ன, தொண்ணூத்தொண்ணு?”

“காலி,” என்றேன். முதல் எழுத்தை அவர் மாதிரியே அழுத்தி. “நம்ம ஊர் காத்தோட அழுத்தம். சாவி போட்டதும் வண்டி இதைத்தான் முதல்ல பார்க்குது.”

“கிருஷ்ணகிரியில?”

“தொண்ணூத்தஞ்சு வரும்.”

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அங்க ஜெட் ஒரு சைஸ் பெருசு,” என்றார். பையனிடம் டீ சொல்லச் சொன்னார், சர்க்கரை கம்மியாக.